சாமி பார்த்த பக்கம்

கம்பி ஒரு முழம் ஆழத்துக்குச் சத்தமே இல்லாமல் இறங்கியது. அப்புறம் 'கடக்' என்று நின்றது.

"இன்னொரு வாட்டி குத்துங்கண்ணே" என்றான் சிவலிங்கம். நான் ஓட்டிய ட்ராக்டருக்குச் சங்கிலி மாட்டுகிறவன் அவன். எதையும் ஒரு தடவையில் நம்பமாட்டான். தன் கல்யாணத்தில் தாலி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணை எழும்பவிட்டான் என்று எங்கள் லயத்து வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கொஞ்சம் தள்ளிக் குத்தினேன். அதே ஒரு முழம். அதே 'கடக்'. சேற்றில் கால் புதையப் புதைய, வழி நெடுகக் குத்திக்கொண்டே மேட்டில் ஏறினேன். மழை ஓய்ந்திருந்தாலும் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. கெண்டைக்காலில் அட்டைகள் தொங்கின. பிடுங்க நேரமில்லை.

"கல்லுடா சிவலிங்கம்! கீழ பூராவும் கல்லு! சேறு மேல போத்துன கம்பளி மாதிரிதான்."

"வெறும் கம்பளின்னா, நேத்து நம்ம ட்ராக்டரு ஏண்ணே வயித்தோட படுத்துக்கிச்சு?"

நியாயமான கேள்விதான். பதில் என் கையில் இருந்தது. அந்தக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தபோது, எந்த டயர் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முடிவை மாற்றுவதற்குப் பாதித் தோட்டம் முயற்சி செய்து பார்த்தது. நான் மசியவில்லை.

ராஜம்மாவின் சவால்

போன வாரம் இதே பத்திரிகையில் நான் ட்ராக்டர் ஓட்டப் பழகிய கதையை எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரி ராஜம்மா அதை வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து என் மடியில் போட்டாள்.

"எல்லாத்தையும் நீங்களே கிழிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. அந்த டயர் கதைய எழுதுங்க பாப்போம்."

எனக்குத் திக்கென்றது. அந்தக் கதையில் அவளுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இத்தனை வருடமும் நான் அவளிடம் சொல்லாத விஷயம். ஆனாலும் அவள் கேட்டுவிட்டாள். எழுதாவிட்டால் சோறு இறங்காது. வருவது வரட்டும் என்று ஆரம்பிக்கிறேன்.

அடியில் றப்பர், மேலே தேயிலை

எங்கள் தோட்டம் கஹவத்தைக்கு மேலே இருந்தது. மலையின் அடிப்பாகம் றப்பர், மேற்பாகம் தேயிலை. நடுவில் ஒரு காட்டுத் துண்டு. ஒரே தோட்டத்தில் இரண்டு வாசனை. கீழே இறங்கினால் புளித்த றப்பர் பால், மேலே ஏறினால் வறுத்த தேயிலை. கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்தைக் காயவைக்கிற அடுப்பு அங்கே முன்பு எண்ணெயில் எரிந்தது. உலகத்தில் எங்கோ யாரோ சண்டை பிடித்தார்களாம், எண்ணெய் எட்டாத விலைக்குப் போய்விட்டது. தோட்டத்தை நடத்துகிற தொரை அடுப்பை விறகுக்கு மாற்றச் சொன்னார். விறகுக்குப் பஞ்சமில்லை. பால் வற்றிய கிழட்டு றப்பர் மரங்களைக் கீழே வரிசை வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவற்றைச் சங்கிலியில் கட்டி, காட்டு வழியாக மேலே லொறி ரோட்டுக்கு இழுத்துவருவது என் வேலை.

வெயில் காலத்தில் அது ஒரு வேலையே இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டு இழுக்கலாம். மழை பிடித்தது. காட்டு வழி களியாகிவிட்டது. ட்ராக்டரின் பின் டயர்கள் ஏற்கெனவே பல் தேய்ந்து, என் உள்ளங்கையைவிட வழவழப்பாக இருந்தன. சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஒரு நாள் முழுக்கப் போராடினால் ஒரு மரம் மேலே வரும். ஸ்டோர் அடுப்பு அந்த ஒரு மரத்தைக் காலைத் தேநீர் குடிக்கிற நேரத்தில் தின்று முடித்துவிடும்.

விறகுக் கொட்டகையில் தரை தெரிய ஆரம்பித்தபோது டீமேக்கர் ஐயா எனக்கு ஆள் அனுப்பினார். கொழுந்தைத் தேயிலையாக்குகிற பொறுப்பு முழுக்க அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் சோதிலிங்கம். வெள்ளைச் சட்டை, கையில் எந்நேரமும் குடை.

"இஞ்ச பாரும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள்ள லொறி நிறைய விறகு வரவேணும். வராட்டில் திங்கள் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லையெண்டால் கொழுந்து எடுக்கிறதில பிரயோசனமில்லை. மலையில வேலை நிப்பாட்டச் சொல்லித் தொரை சொல்லிப்போட்டார்."

வேலை இல்லை என்றால் பேர் இல்லை. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அது என்ன காலம் என்று அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாவு கிடையாது. பாண் ரொட்டிக்கு விடியற்காலையே வரிசை. மரவள்ளிக் கிழங்கு கிடைத்த வீட்டில் அன்றைக்குத் திருவிழா. வேலை இருந்தபோதே பிள்ளைகளின் முகம் சுருங்கிப்போயிருந்தது. ராஜம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, சட்டியில் இருந்ததை எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்பாள். இந்த லட்சணத்தில் வேலையையும் நிறுத்தினால்?

"டயர் வாங்கித் தாங்கய்யா. விறக நான் கொண்டாறேன்" என்றேன்.

மூன்று சோடி

அங்கேதான் வேடிக்கை. புது டயர் நாட்டில் இல்லை. எங்கள் மலையில் வடிகிற பால்தான் றப்பர் தாளாகிக் கப்பல் ஏறி, எங்கேயோ டயராகிறது. அந்த டயர் திரும்பி வருவதற்கு மட்டும் பெர்மிட் வேண்டுமாம். பெற்ற பிள்ளையைப் பார்க்கத் தாய் மனுப்போடுகிற கதை.

கஹவத்தையில் ஹமீது நானாவின் கடைக்குப் போனேன். பழைய வாகனச் சாமான் கடை. நானா முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சாமான் இல்லை என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

"வாங்க டைவர் தம்பி. புதுசு மட்டும் கேக்க வாணாம். இந்தா, மூணு சோடி ஈக்கி. உங்கட ரிம்முக்கு மூணும் ஏறும். எது வேணுமோ அத எடுங்க."

முதல் சோடி, தேய்ந்த டயருக்கு மேலே புதிதாக றப்பர் ஒட்டியது. பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. பல் ஆழமில்லை. ரோட்டுக்குச் சரி, காட்டுக்கு உதவாது.

இரண்டாவது, நல்ல அகலம். அரசாங்கத்துக் காடு வெட்டுகிற மெஷினில் இருந்து கழற்றியது. யானைக்கால் மாதிரி. பார்த்தவுடன் யாருக்கும் ஆசை வரும். என்னோடு பஸ்ஸில் வந்த தோட்டத்து லொறிக்காரர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தான் எடுக்கணும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

மூன்றாவது சோடி மூலையில் கிடந்தது. எம்பிலிப்பிட்டியப் பக்கத்தில் மேட்டு நிலம் உழுத ட்ராக்டரில் இருந்து வந்ததாம். ஒடுக்கமான டயர். ஆனால் பல் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். பக்கவாட்டில் வெடிப்பு இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். மேல்தோல் வெடிப்புத்தான், நூல் தெரியவில்லை. டோர்ச் வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடம் இல்லை. முகர்ந்தும் பார்த்தேன்.

"என்ன தம்பி, டயரா வாங்குற, கருவாடா வாங்குற?" என்றார் நானா.

வெயிலில் கிடந்து செத்த றப்பருக்கு ஒரு வாடை உண்டு. இதில் அது இல்லை. ஆனால் அன்றைக்கு நான் எதையும் வாங்கவில்லை. அகலமா, ஒடுக்கமா என்பதை டயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மண்ணைப் பார்ப்பது எப்படி? மேலே ஒரே சேறு.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆற்றோரத்தில் நாலு பேர் இரத்தினக்கல் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். "டைவர், நிறுத்துங்க!" என்று கத்தி இறங்கிவிட்டேன்.

சுமனபாலவின் கம்பி

இரத்தினபுரிப் பக்கத்தில் கல் தேடுகிறவர்கள் சும்மா குழி வெட்டமாட்டார்கள். நீளமான இரும்புக் கம்பி ஒன்றை முதலில் மண்ணில் குத்துவார்கள். அடியில் கல் கிடக்கிற சரளைப் படுக்கை இருந்தால் கம்பி நுனி சத்தம் கொடுக்கும். களியென்றால் ஊமையாக இறங்கும். கம்பிக்குச் சிங்களத்தில் இல்லங்கூர என்று பெயர். ஆற்றோரக் குழிக்காரர்களில் சுமனபால என் சிநேகிதன். கம்பியைக் கேட்டேன்.

"மெணிக்கக் ஹம்புணொத் பாகயக் மட்ட" என்றான். மாணிக்கம் கிடைத்தால் பாதி தனக்காம்.

"முழுசையும் நீயே வச்சுக்க. எனக்கு விறகு போதும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வாங்கிவந்தேன்.

மேலே சொன்ன 'கடக்' அந்தக் கம்பியின் சத்தம்தான். காட்டு வழி முழுக்க ஒரு முழச் சேற்றுக்குக் கீழே கெட்டியான சரளை. அகலமான டயர் அந்தச் சேற்றின் மேலே வழுக்கிக்கொண்டு திரியும், கல்லைத் தொடவே தொடாது. ஒடுக்கமான டயர் சேற்றைக் கிழித்து இறங்கி, அடியைப் பிடித்து நிற்கும்.

டீமேக்கர் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ன காணும் கதைக்கிறீர்? அகலமான டயர் சேத்தில மிதக்கும். இது கத்தி மாதிரி இறங்கும். உமக்கென்ன விசரே?"

"எறங்கட்டும்யா. எறங்குனாத்தான் கல்லப் புடிக்கும்."

"வயலில அகலச் சக்கரம் போடுறாங்கள் எல்லே?"

"வயல்ல அடி இல்லீங்க. எங்க குத்துனாலும் சேறுதான். அங்க நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. இங்க அடி இருக்கு. நான் குத்திப் பாத்துட்டேன்."

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். அடுப்பு அணைந்தால் தொரை முதலில் பிடிப்பது அவர் கழுத்தைத்தான்.

"புடிக்காட்டில்?"

"புடிக்காட்டி ட்ராக்டர் சாவிய ஒங்க கையில குடுத்துட்டு, மம்பட்டிய எடுத்துக்கிட்டு மலைக்குப் போயிர்றேன். போதுமா?"

வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. ஆனாலும் கம்பி சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன். ஒடுக்கமான சோடியையே வாங்கினேன்.

கந்தசாமி அண்ணன்

ராஜம்மாவுக்கு டயர் அகலமா ஒடுக்கமா என்ற கவலை கிடையாது. அவளுடைய பயம் வேறு.

எனக்கு முன் அந்த ட்ராக்டரை ஓட்டியவர் கந்தசாமி அண்ணன். ஒரு நாள் அதே காட்டு வழியில் மரம் இழுத்துக்கொண்டு ஏறுகிறபோது, பின்னால் வந்த மரம் ஒரு அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. சக்கரம் நிற்காமல் சுற்ற, ட்ராக்டரின் மூக்கு மேலே கிளம்பிவிட்டது. குதிரை முன்னங்காலைத் தூக்குகிற மாதிரி தூக்கி, அப்படியே மல்லாக்க விழுந்தது. அண்ணன் ஒரு பக்கமாகக் குதித்துவிட்டார். உயிர் தப்பியது. ஒரு கால் தப்பவில்லை. பிறகு அவர் ஸ்டோர் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பார். ராஜம்மா கொழுந்து நிறுக்கப் போகிறபோதெல்லாம் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"டயர் வந்தா முனியாண்டிகிட்ட வச்சுக் கும்பிடாம காட்டுக்குள்ள எறக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள்.

"நேரம் இல்ல ராஜம்மா."

"நேரம் இல்லாமத்தான் கந்தசாமி அண்ணன் கால் போச்சு."

சரி என்றேன்.

சனிக்கிழமை ரிம்மை லொறியில் ஏற்றிப்போய், நானா கடையில் டயர் மாட்டி, காற்றையும் கொஞ்சம் குறைவாகவே வைத்துக் கொண்டுவந்தோம். சக்கரம் இரண்டையும் இறக்கி, லயத்துக்குப் பக்கத்தில் முனியாண்டி மரத்தில் சாய்த்து வைத்தார்கள். ஞாயிறு விடிந்ததும் நான் டீசல் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். பூசையையும் சக்கரம் மாட்டுகிற வேலையையும் ராஜம்மாவும் சிவலிங்கமும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

நான் திரும்பி வந்தபோது ட்ராக்டர் மாப்பிள்ளை மாதிரி நின்றது. செவ்வரத்தம்பூ மாலை. சக்கரம் இரண்டிலும் பட்டை பட்டையாகத் திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம். ராஜம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். மழை மறுபடியும் பிடித்துவிட்டது. எனக்கு எதையும் நின்று பார்க்கப் பொறுமையில்லை.

போச்சுடா!

கீழே போய், முதல் மரத்தைப் பின் கொக்கியில் மாட்டி, மேட்டைப் பார்த்து கியரைப் போட்டேன்.

மேலே லொறி ரோட்டின் ஓரத்தில் ஒரு கூட்டமே நின்றது. குடைக்குக் கீழே டீமேக்கர் ஐயா. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்துப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாள். ஆனாலும் நாளைக்கு அடுப்பு எரியுமா என்று பார்க்க வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த முகங்கள் இல்லை அவை.

ட்ராக்டர் நன்றாகத்தான் புறப்பட்டது. மேடு ஆரம்பிக்கிற இடத்தில் சக்கரம் உறுமியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டி ஒரு சாண் ஏறவில்லை.

போச்சுடா என்று நினைத்தேன். மேலே இருந்து டீமேக்கர் ஐயாவின் குரல் மழையில் கேட்டது.

"நான் சொன்னனான்! நான் அப்பவே சொன்னனான்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் மேல் இல்லை. இந்தச் சேற்றின் மேல். கம்பி பொய் சொல்லாது. என் காதும் பொய் சொல்லாது. அப்படியென்றால் வேறு எங்கோ கோளாறு. இறங்கிப் பின்னால் போய்ச் சக்கரத்தைப் பார்த்தேன்.

பல்லுக்கு நடுவே சேறு சுவருக்குப் பூசின மாதிரி அப்பியிருந்தது. இந்த மாதிரி டயரில் அப்படி அப்பவே கூடாது. இதன் பற்கள் அம்புத்தலை மாதிரிச் சாய்ந்திருக்கும். அம்பின் கூர் முதலில் மண்ணில் இறங்கினால் சேறு இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். விரிந்த பக்கம் முதலில் இறங்கினால் சேறெல்லாம் நடுவில் வந்து அடைந்துகொள்ளும். நான் பார்த்த சக்கரத்தில் அம்பு தலைகீழாக இருந்தது. இரண்டு சக்கரத்திலும்.

காற்றடிக்கிற வால்வைத் தேடினேன். வெளிப்பக்கத்தில் காணோம்.

"சிவலிங்கம், வால்வு எங்கடா?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "உள்பக்கம் இருக்குண்ணே."

"உள்பக்கம் ஏன்டா போச்சு?"

"நான் சரியாத்தாண்ணே திருப்பி மாட்டப் போனேன். அண்ணிதான் விடல. சக்கரத்த எறக்குனவங்க உள்பக்கம் தெரியிற மாதிரி மரத்துல சாச்சுட்டாங்க. அண்ணி அந்தப் பக்கம்தான் திருநீறு பூசி, சூடம் காட்டுனாங்க. 'சாமி பாத்த பக்கத்த உள்ளுக்கு மறைப்பியா? திருநீற கிரீஸுல கொண்டுபோய் வைப்பியா?'ன்னு ஒரே புடி. ஆணி எல்லாம் பொருந்திச்சு. ரெண்டு வாட்டி முடுக்கிப் பாத்தேண்ணே."

ரெண்டு வாட்டி முடுக்கிப் பார்த்தானாம்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சாமிக்குக் காட்டிய முகம் வெளியே தெரிய வேண்டும் என்று இரண்டு சக்கரத்தையும் உட்புறம் வெளியாக மாட்டியிருக்கிறார்கள். அதனால் பற்கள் திசை மாறிவிட்டன. ட்ராக்டர் வழக்கத்தைவிடக் காலை அகட்டி நின்றதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

முன்னால் கொக்கி

கழற்றி மாட்டலாம். ஜாக்கி வைக்க வேண்டும். அந்தக் களியில் ஜாக்கி வைத்தால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். வெளியே எடுத்துக்கொண்டுபோய் மாட்டி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். லொறிக்காரர் ஏற்கெனவே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். அடுப்பு யாருக்காகவும் காத்திருக்காது.

முதலில் வண்டியைக் குழியிலிருந்து எடுப்போம் என்று சங்கிலியை அவிழ்த்து, மரத்தை ஓரமாகப் புரட்டிவிட்டுப் பின்கியர் போட்டேன். பட்டென்று வெளியே வந்தது. இறக்கத்தில் எந்த வண்டியும் ஓடும்தான். ஆனால் பல்லில் அப்பியிருந்த சேறு பக்கவாட்டில் வழிந்து விழுந்ததைப் பார்த்தேன். எனக்குப் பொறி தட்டியது.

பின்னால் போகிறபோது இந்தச் சக்கரத்துக்கு அம்பின் கூர் முதலில் இறங்குகிறது!

கீழே வெட்டவெளிக்குப் போய் வண்டியைத் திருப்பினேன். மூக்கு பள்ளத்தைப் பார்க்க, முதுகு மேட்டைப் பார்க்க. பின்கியரில் மெதுவாக ஏற்றினேன். சக்கரம் ஒரு முழம் இறங்கியது. அப்புறம் அடியில் 'கரக்' என்று ஒரு சத்தம். சரளை! கம்பி சொன்ன அதே சரளை. வண்டி ஏறியது.

"சங்கிலிய முன் கொக்கியில மாட்டுடா!"

"முன்னாலயா? ட்ராக்டரு பின்னுக்கு போகயில மரம் முன்னால வருமாண்ணே?"

"வராம எங்க போகும்? மாட்டுடா!"

மாட்டினான். இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். நான் கழுத்தை முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறத் தொடங்கினேன். மரம் முன்னால் சேற்றைக் கிழித்துக்கொண்டு, கட்டிய மாடு மாதிரித் தொடர்ந்து வந்தது. கந்தசாமி அண்ணனை விழுத்திய அடிக்கட்டையில் இந்த மரமும் ஒரு தடவை மாட்டியது. ஆனால் ட்ராக்டரின் மூக்கு எழும்பவில்லை. சங்கிலி மூக்கைத்தானே கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது, எப்படி எழும்பும்? வண்டி நின்றது, அவ்வளவுதான். சிவலிங்கம் கடப்பாரையால் மரத்தைப் புரட்டிவிட்டான். மறுபடியும் ஏறினேன்.

மேலே ஏறுகிற வரைக்கும் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகம். ராஜம்மா கூட்டத்தை விட்டு விலகி, பாதையோரத்தில் நின்றிருந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விரலில் இன்னும் திருநீறு.

ரோட்டைத் தொட்டதும் பெண்கள் போட்ட சத்தம் இருக்கிறதே, அடுத்த தோட்டத்துக்குக் கேட்டிருக்கும். டீமேக்கர் ஐயா குடையை மடித்துவிட்டு மழையில் நின்றார்.

"உம்மை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லைக் காணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. மழைத் தண்ணீர் என்று பிறகு சாதித்தார்.

ராஜம்மா கிட்டே வந்தாள். "ஏங்க, ஏன் முதுகு காட்டிக்கிட்டு வாறீங்க?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. 'எல்லாம் உன்னாலதான்டி!' என்று. அவளைப் பார்த்தேன். நனைந்து ஒட்டிய சேலை, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம், அந்தத் திருநீறு விரல். எனக்குக் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் பாசம்தான்.

"மேடு ஏற இதுதான் நல்ல வழி. கந்தசாமி அண்ணனுக்கு ஆனது எனக்கு ஆகாது" என்றேன். அது பொய்யும் இல்லை.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் லொறி நிறைந்தது. கீழே போக நேராக, மேலே வரப் பின்னாக. வண்டியைத் திருப்பத் தேவையே இல்லாததால் பாதையும் முன்போல உழுது நாசமாகவில்லை. திங்கட்கிழமை ஸ்டோர் புகைபோக்கியில் புகை கிளம்பியது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் எல்லோருக்கும் பேர் விழுந்தது. நான் அந்தப் புகையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது.

மழைக்காலம் முடிகிற வரைக்கும் நான் அந்தச் சக்கரத்தைத் திருப்பி மாட்டவே இல்லை. மற்ற தோட்டத்து டைவர்கள் வந்து பார்த்துவிட்டு, "இது என்னா புது ஸ்டைலு?" என்று கேட்டார்கள். பெரிய ஆள் மாதிரிச் சிரித்துவைத்தேன். சிவலிங்கத்திடம் அந்த ஞாயிறன்றே சத்தியம் வாங்கியிருந்தேன், அண்ணியிடம் மூச்சு விடக்கூடாது என்று. வெயில் வந்த பிறகு, அவள் மலைக்குப் போயிருந்த ஒரு நாள் பார்த்துச் சத்தமில்லாமல் சரியாக மாட்டினேன்.

இரண்டு பக்கமும்

இவ்வளவையும் எழுதி முடித்து, பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் ராஜம்மாவிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். வால்வு வருகிற இடத்தில் திட்டு விழும் என்று எதிர்பார்த்து, எழும்பி ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் மாறவே இல்லை. கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சிவலிங்கம் அன்னைக்குச் சாயந்தரமே வந்து சொல்லிட்டான்."

"என்னது? சத்தியம் பண்ணினானே!"

"பண்ணிட்டுத்தான் வந்து சொன்னான். 'நம்மளால அண்ணன் வேலை போயிருக்கும் அண்ணி'ன்னு அழுதான். நானும் அழுதேன். நீங்க வந்து திட்டுவீங்க, திட்டட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரு வார்த்த கேக்கல. சரி, நமக்காக மறைக்கிறாரு, நமக்குத் தெரிஞ்சதா காட்டிக்க வேணாம்னு இருந்துட்டேன்."

"இவ்வளவு வருசமா?"

"நீங்களும்தானே?"

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த டயர் வந்ததற்கு அடுத்த வருட ஆயுத பூசையிலிருந்து, நான் எந்த வண்டி ஓட்டினாலும், ராஜம்மா சக்கரத்துக்கு அடியில் குனிந்து கைவிட்டு, உள்பக்கத்திலும் திருநீறு பூசுவாள். கிரீஸில் கை கறுத்துப்போகும். "அங்க எதுக்கு? யாருக்குத் தெரியப் போகுது?" என்று நான் ஒவ்வொரு வருடமும் சிரிப்பேன். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை எடுக்கப் போய்விடுவாள்.